இதயத்தில் அயற்பொருள்: நெஞ்சைத் திறவாமல் எடுக்கும் முறை

"குழாய் உடைந்து இதயத்துக்குள் சென்றுவிட்டது" என்று மருத்துவர் கூறியதும், குடும்பத்தார் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: "அப்படியானால் நெஞ்சைத் திறந்துதான் எடுக்க வேண்டுமா?" பெரும்பாலான நேரங்களில் அதற்குத் தேவை ஏற்படுவதில்லை. தொடையின் மேற்பகுதியிலுள்ள சிரையில் சிறு துளையிட்டு, அதன் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, உடைந்த துண்டைப் பற்றி வெளியே இழுத்துவிட முடிகிறது. இது எவ்வாறு நடைபெறுகிறது, எப்போது இயலாது, நோயாளியும் உடனிருப்போரும் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பவற்றை இங்கே விளக்குகிறோம்.

அயற்பொருள் எவ்வாறு வந்து சேர்கிறது?

இதயத்தில் அயற்பொருள் என்றதும் துப்பாக்கிக் குண்டும் ஊசியும் நினைவுக்கு வரலாம். அத்தகையவையும் உண்டு. ஆனால் இக்காலத்தில் கதீட்டர் முறையால் எடுக்கப்படுபவற்றுள் மிகுதியானவை, மருத்துவத்துக்காக நாமே உடலில் வைத்தவை. புற்றுநோய் மருந்து செலுத்தத் தோலுக்கடியில் பொருத்தப்படும் கீமோபோர்ட்டின் குழாய், கைச்சிரை வழியே நீண்ட நாட்களுக்கு வைக்கப்படும் பிக் லைன், டயாலிசிஸ் குழாய், அக்குழாய்களை வைப்பதற்கு முன் வழிகாட்டியாகச் செலுத்தப்படும் மெல்லிய கம்பி, பேஸ்மேக்கரின் மின்கம்பி, குழந்தைகளின் இதய ஓட்டையை அடைக்க வைக்கப்பட்டு இடம் நழுவிய கருவி ஆகியவை அவற்றுள் சில.

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப்பாருங்கள். கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் ஒரு சிற்றூர். ஐம்பது வயதைக் கடந்த பெண்மணி. மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. கீமோபோர்ட் இன்னும் எடுக்கப்படவில்லை. குழாய் அடைத்துக்கொள்ளாதிருக்க அவ்வப்போது மருந்துநீர் செலுத்தும் வழக்கத்துக்காகக் கோவைக்கு வருகிறார். செவிலியர் நீரைச் செலுத்துகிறார், செல்லவில்லை. கையை உயர்த்தச் சொன்னால் சிறிது செல்கிறது. காறை எலும்பின் கீழே வலி எடுக்கிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் குழாய் காறை எலும்பின் அடியில் துண்டாகியிருக்கிறது. மறு துண்டு இதயத்தின் வலப்பக்க அறைகளில் வளைந்து கிடக்கிறது. அவரோ அன்று விடியற்காலையில் எழுந்து, மாட்டில் பால் கறந்து, சோறாக்கி வைத்துவிட்டுப் பேருந்து ஏறி வந்தவர். மூச்சுத்திணறலும் இல்லை, நெஞ்சுவலியும் இல்லை.

இவர் கற்பனைப் பாத்திரமே. எனினும் இப்படி எவ்வித அறிகுறியுமின்றித் தற்செயலாகக் கண்டறியப்படுவது இந்நிலையின் வழக்கமான முகங்களுள் ஒன்று.

குழாய் ஏன் உடைந்தது? காறை எலும்புக்கும் அதன் கீழுள்ள முதல் விலா எலும்புக்கும் இடையே குறுகிய சந்து ஒன்று உண்டு. காறையடிச் சிரை வழியாக வைக்கப்படும் குழாய் சில வேளைகளில் அந்தச் சந்தின் ஒடுக்கமான பகுதியில் அமைந்துவிடுகிறது. தோளை அசைக்கும் ஒவ்வொரு முறையும் அவ்விரு எலும்புகளும் பாக்குவெட்டியின் இரு அலகுகள்போல் குழாயை நசுக்குகின்றன. ஒரே நாளில் அறுபடுவதில்லை. முதலில் நசுங்கும், பிறகு கீறும், பல வாரங்களோ மாதங்களோ கழித்துத் துண்டாகும். கழுத்துச் சிரை வழியாகக் குழாயை வைத்தால் இந்தச் சந்து தவிர்க்கப்படும். ஆயினும் ஒவ்வொருவர் உடலமைப்புக்கும் நோய்க்கும் ஏற்பவே வழி தேர்ந்தெடுக்கப்படுகிறது. தறி ஓட்டுபவரும் கிணற்றில் நீர் இறைப்பவரும் தம் தொழிலைப் போர்ட் பொருத்துவதற்கு முன்பே மருத்துவரிடம் கூறிவிடுவது நன்று.

அறுந்த துண்டு சிரையில் நிற்பதில்லை. சிரைகளின் இரத்தம் முழுவதும் இதயத்தை நோக்கியே ஓடுவதால், துண்டும் அவ்வோட்டத்தோடு செல்கிறது. கீழ்பவானி வாய்க்காலில் விழுந்த தென்னைமட்டை நீரோடு சென்று ஏதேனும் ஒரு மதகில் குறுக்கே மாட்டிக்கொள்வதுபோல, துண்டின் நீளத்தையும் விறைப்பையும் பொறுத்து அது இதயத்தின் வலது மேலறையிலோ, வலது கீழறையிலோ, அதையும் கடந்து நுரையீரல் தமனியிலோ தங்கும்.

வலி இல்லை; பின் ஏன் எடுக்க வேண்டும்?

இது நியாயமான கேள்வி. இத்தனை நாள் ஒன்றும் செய்யாதது இனி என்ன செய்துவிடும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் இதயம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 இலட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் அந்தத் துண்டு அறையின் சுவரையும் வால்வையும் உரசுகிறது. அதனால் துடிப்பின் சீர் கெடலாம். துண்டின்மேல் இரத்தம் உறைந்து, அவ்வுறைவு நுரையீரலுக்குச் சென்று அடைக்கலாம். கிருமி பற்றினால் இதயத்தின் உட்சுவரிலும் வால்விலும் நோய்த்தொற்று ஏற்படும். அரிதாக, கூரிய முனை சுவரைத் துளைக்கவும் கூடும். பெரியவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இரு மேலறைகளுக்கும் இடையே கருப்பருவத்துச் சிறு வழி முழுதும் மூடாமல் இருக்கும். உறைவு அதன் வழியே இடப்பக்கம் சென்றால் மூளையை அடையலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. அண்மையில் விழுந்த துண்டு பெரும்பாலும் தளர்வாக மிதக்கும், எடுப்பது எளிது. நாட்பட்டது, அதன்மேல் தசைநார் படர்ந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். எனவே கண்டறிந்தபின், "திருவிழா முடியட்டும், அறுவடை முடியட்டும்" என்று தள்ளிப்போடுவதை நாங்கள் விரும்புவதில்லை.

இதுவரை கடந்து வந்த வழி

இதய அறுவைச் சிகிச்சையின் தொடக்கத்திலேயே அயற்பொருள் இருக்கிறது என்பது பலரும் அறியாத செய்தி. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் பணியாற்றிய அமெரிக்கப் படைமருத்துவர் டுவைட் ஹார்க்கன், காயமுற்ற வீரர்களின் இதயத்திலிருந்தும் அதையொட்டிய பெருநாளங்களிலிருந்தும் நெஞ்சின் நடுப்பகுதியிலிருந்தும் 134 குண்டுகளையும் சிதறல்களையும் எடுத்தார். அவர்களுள் ஒருவரும் இறக்கவில்லை. துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தைத் தொடலாகாது என்னும் அச்சம் அத்தோடு தளர்ந்தது. ஆயினும் அவர் நெஞ்சைத் திறந்தே அதைச் செய்தார்.

திறவாமல் செல்லும் வழியை அதற்கு முன்பே ஒருவர் காட்டியிருந்தார். 1929ஆம் ஆண்டில் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே நகரத்து இளம் மருத்துவர் வெர்னர் ஃபோர்ஸ்மன், சிறுநீர்ப்பாதைக்கென உருவான மெல்லிய குழாயைத் தம் இடக்கைச் சிரையில் தாமே செலுத்திக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்து சென்று, அதன் நுனி இதயத்தை எட்டியதைப் படமெடுத்தார். மேலதிகாரிகள் மகிழவில்லை. 1956இல் அவருக்கும் வேறிருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1964இல் அமெரிக்க மருத்துவக் குழு ஒன்று, முறிந்து வலது மேலறையிலும் கீழ்ப்பெருஞ்சிரையிலுமாகக் கிடந்த எஃகுக் கம்பித் துண்டை அறுவையின்றிச் சிரை வழியே வெளியே எடுத்ததை வெளியிட்டது. அவர்கள் கையாண்டது, மூச்சுக்குழாய்ச் சிகிச்சைக்கென இருந்த இடுக்கி. இதற்கெனத் தனிக் கருவி அப்போது இல்லை.

கதீட்டர் கூடத்தில் நடப்பது என்ன?

நம் கொங்குப் பகுதியின் ஆழ்கிணறுகளில் கயிறறுந்து வாளி விழுந்தால் அந்நாளில் ஒருவரும் உடனே கிணற்றில் இறங்கியதில்லை. அண்டை வீட்டில் பாதாளக் கரண்டி இரவல் வாங்கிவந்து, கயிற்றில் கட்டி இறக்கி, அலசி, மாட்டி, மேலே இழுத்தார்கள். இன்றைய சிகிச்சையும் ஏறக்குறைய அதுவே. வேறுபாடு இரண்டு: பாதாளக் கரண்டியைக் கையின் உணர்வு நடத்தியது, இங்கே எக்ஸ்ரே திரை கண்ணாக நிற்கிறது. மேலும், கிணறு அசைவதில்லை. இதயமோ துடித்துக்கொண்டே இருக்கிறது.

நோயாளி முதுகு படியப் படுத்திருப்பார். பெரியவர்களுக்கு வழக்கமாகத் தொடையிடுக்கில் மட்டும் மரத்துப்போகும் ஊசி போடப்படும். சிறு குழந்தைகளுக்கு முழு மயக்கம் தேவைப்படலாம். அல்ட்ராசவுண்டு உதவியோடு சிரையைக் கண்டு, அதில் உறைபோன்ற குட்டைக் குழாய் ஒன்று வைக்கப்படும். பின்னர் வருபவையெல்லாம் அந்த உறையின் வழியாகவே உள்ளே செல்லும், வெளியே வரும். இரத்தம் உறையாதிருக்க ஹெபாரின் என்னும் மருந்தும் தரப்படலாம்.

அடுத்து, கதீட்டரினுள்ளே சுருக்குக் கண்ணி ஒன்று செல்கிறது. நிக்கலும் டைட்டானியமும் கலந்த நைட்டினால் என்னும் உலோகக் கம்பியால் ஆன வளையம் அது. கதீட்டருக்குள் நேராக மடங்கியிருக்கும். வெளியே தள்ளியதும் வாத்தின் கழுத்துபோல் செங்குத்தாக வளைந்து வட்டமாக விரியும். சில மில்லிமீட்டர் முதல் மூன்று சென்டிமீட்டருக்கு மேல்வரை பல அளவுகளில் கிடைக்கிறது. துண்டின் ஒரு முனையை வட்டத்துக்குள் வரச்செய்து, கதீட்டரை முன்தள்ளினால் சுருக்கு இறுகும். பிறகு துண்டை மெதுவாக இழுத்து உறைக்குள் கொண்டுவந்து வெளியே எடுப்பர். சுருக்கு பொருந்தாத இடங்களில், சிறுநீர்க்குழாய்க் கல்லை எடுப்பதற்குப் பயன்படும் கூடைபோன்ற கருவியோ சிறு இடுக்கியோ கைகொடுக்கும்.

சொல்லும்போது எளிதாகத் தோன்றும். உண்மையில் கடினமானது, பற்றுவதற்கு முனை கிடைக்காத நிலை. துண்டின் ஒரு நுனி கீழறைத் தசை மடிப்புகளுக்குள்ளும் மறு நுனி கல்லீரல் சிரைக்குள்ளும் செருகியிருந்தால், சுருக்கை எதில் மாட்டுவது? அப்போது பன்றிவால்போல் நுனி சுருண்ட வேறொரு கதீட்டரை முதலில் செலுத்தி, துண்டின் நடுப்பகுதியில் மாட்டி, கீழ்நோக்கிச் சிறிது இழுக்கிறோம். ஒரு முனை விடுபட்டு வெளிப்பட்டதும் சுருக்கு தன் வேலையைச் செய்கிறது. பொறுமை வேண்டிய பணி இது. திரையில் சுருக்கு பத்து முறை நழுவினாலும் அவசரப்பட்டு இழுப்பதில்லை. வால்வைத் தாங்கும் மெல்லிய நாண்களில் ஒன்று சுருக்கில் சேர்ந்து சிக்கினால் வால்வு பழுதுபடும்.

கதீட்டர் இதயச் சுவரைத் தொடும்போது படபடப்பை உணரலாம். திரையில் துடிப்பு மாறுவதைக் குழு பார்த்துக்கொண்டே இருக்கும். கதீட்டரை நகர்த்தியதும் பெரும்பாலும் அது அடங்கிவிடும். முடிந்தபின் உறையை எடுத்து, அவ்விடத்தைக் கையால் அழுத்திப் பிடிப்பர். சில மணிநேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். இருமல் வந்தால் தொடையிடுக்கைக் கையால் அழுத்திக்கொண்டு இருமுங்கள். சிக்கலின்றி முடிந்தால் பலர் மறுநாளே வீடு திரும்புகின்றனர்.

இம்முறை பொருந்தாத இடங்கள்

"சின்னத் துளைதான், ஒன்றும் ஆகாது" என்று உறவினர்கள் நோயாளிக்குத் தைரியம் சொல்வதைக் கேட்கிறோம். அன்பினால் சொல்வது, ஆனால் துளை சிறிதாக இருப்பதால் செயலும் சிறிது என்று பொருளில்லை. இரத்தக்கசிவு, நாளம் கிழிதல், துண்டு மேலும் உடைதல் ஆகியவை குறைவாகவே நேர்ந்தாலும் நேரக்கூடியவை. அதனால்தான் ஒப்புதல் படிவத்தில் அவை எழுதப்பட்டிருக்கின்றன. அதனால்தான் தேவையான நேரங்களில் இதய அறுவை நிபுணரும் ஆயத்தமாக இருக்கிறார்.

ஊசியோ கம்பியோ இதயச் சுவரைத் துளைத்து நிற்குமானால் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையே சரி. திருப்பூரின் பனியன் தொழிற்கூடங்களில் தையலூசி முறிந்து விரலில் ஏறுவது புதிதன்று. அது இதயம்வரை செல்வது மிக மிக அரிது. ஆனால் எங்கேனும் ஒருவருக்கு நெஞ்சில் ஊசியோ கம்பியோ குத்தி வெளியே தெரிந்தால் அதைப் பிடுங்காதீர்கள். துளையை அடைத்து நிற்பதும் அதுவாகவே இருக்கலாம். அசையாமல் வைத்து, 108 ஊர்தியை அழையுங்கள்.

பேஸ்மேக்கர் மின்கம்பி தனிக்கதை. ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டால் கம்பி சிரையோடும் இதயச் சுவரோடும் தசைநாரால் பிணைந்துவிடுகிறது. கிருமி பற்றினால் மருந்து மட்டும் போதாது. பெட்டியும் கம்பிகளும் முழுவதும் எடுக்கப்பட வேண்டும். கம்பியின்மேல் உறைகளைச் செலுத்தி, தேவையானால் லேசர் ஒளியால் பிணைப்பை அறுத்து விடுவிக்கிறார்கள். சிரை கிழியும் ஆபத்து இதில் கூடுதல் என்பதால், பயிற்சி பெற்ற குழுவும் உடனே நெஞ்சைத் திறக்கும் வசதியும் உள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும். இதற்காக வேறு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டால் அதைக் கைவிடலாகக் கருத வேண்டாம்.

சிலவற்றை எடுக்காமலே விட்டுவிடுவதும் உண்டு. நுரையீரல் தமனியின் சிறு கிளையில் நெடுநாளாக ஒட்டிக்கிடந்து, தொற்றோ தொல்லையோ தராத சிறு துண்டை எடுக்க முயல்வது, விட்டுவைப்பதைவிடத் தீங்கு செய்யலாம். அப்போது தேவைக்கேற்ப மருந்தும் தொடர்ந்த கண்காணிப்பும் போதும்.

நோயாளிக்குச் சொல்லலாமா?

நம் பகுதிக் குடும்பங்களில் இது அடிக்கடி எழும் கேள்வி. மகன் மருத்துவரைத் தனியே அழைத்து, "அம்மாவுக்குத் தெரிய வேண்டாங்க, பயந்துருவாங்க" என்பார். புற்றுநோயையே சொல்லாமல் ஓராண்டுச் சிகிச்சையைக் கடத்திய வீடுகள் உண்டு. அந்த அன்பை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இந்தச் சிகிச்சையின்போது அந்த அம்மா விழித்திருப்பார். திரையும் கருவிகளும் கண்ணெதிரே இருக்கும். "மூச்சைப் பிடியுங்கள்", "அசையாதீர்கள்" என்று அவரிடம்தான் கேட்போம். என்ன நடக்கிறது என்று தெரியாதவருக்கே அச்சம் மிகுதி. மேலும், படபடப்போ மூச்சுத்திணறலோ வந்தால் முதலில் உணர்பவரும் அவரே, தெரிந்திருந்தால்தானே சொல்வார்? "போர்ட் குழாயில் ஒரு துண்டு உள்ளே நகர்ந்திருக்கிறது, காலில் மரத்துப்போக ஊசி போட்டு அதை எடுத்துவிடப்போகிறார்கள், நான் வெளியே உட்கார்ந்திருப்பேன்" என்று மகனோ மகளோ சொல்லும் மூன்று வாக்கியங்கள் போதும். உங்களால் சொல்ல இயலாவிட்டால் எங்களிடம் கூறுங்கள். உங்கள் முன்னிலையில் நாங்கள் சொல்கிறோம்.

மருத்துவத்தின்போது தவறு நேர்ந்து கம்பியோ குழாயோ உள்ளே தங்கியிருந்தாலும் இதே நெறிதான். அதை அறியும் உரிமை நோயாளிக்கு உண்டு. மருத்துவர் தாமாக வந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீங்கள் கேட்க வேண்டும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

போர்ட் அல்லது பேஸ்மேக்கர் பொருத்தியபோது தரப்பட்ட அட்டையைப் பீரோவின் அடியில் வைக்காமல், மருத்துவக் கோப்பிலேயே வையுங்கள். கைப்பேசியிலும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம், எந்த நாள், எவ்வளவு நீளம் என்பன அதில் உள்ளனவா என்று பாருங்கள். சிகிச்சை முடிந்தபின் போர்ட் இனியும் தேவையா என்பதை மருத்துவரிடம் நீங்களே நினைவூட்டுங்கள். மருந்துநீர் செலுத்தும் நாளைத் தவறவிடாதீர்கள். காப்பீட்டு அட்டை உள்ளவர்கள், இச்சிகிச்சை அதில் அடங்குமா என்பதை அனுமதிக்கும்போதே காப்பீட்டுப் பிரிவில் கேட்டுக்கொள்ளலாம்.

கையை உயர்த்தினால் மட்டும் மருந்து செல்வது, இரத்தம் திரும்பி வராதது, செலுத்தும்போது காறை எலும்பருகே வலியோ வீக்கமோ தோன்றுவது ஆகியவை குழாய் நசுங்குவதன் முன்னறிவிப்பாக இருக்கலாம். அந்நிலையில் யாரும் அழுத்திச் செலுத்தக் கூடாது. வீட்டில் பிக் லைனுக்கு நீர் செலுத்தப் பயிற்சி பெற்றவர்கள் 10 மில்லிக்குக் குறைந்த சிரிஞ்சைப் பயன்படுத்த வேண்டாம். சிறிய சிரிஞ்சு குழாயினுள் மிகுந்த அழுத்தத்தை உண்டாக்கிக் குழாயைக் கிழிக்கும். பிக் லைன் வெளியே அறுந்து, அடிமுனை கண்ணுக்குத் தெரிந்தால், உடனே அதை மடித்துப் பிடித்துத் தோலோடு சேர்த்து ஒட்டுங்கள். உள்ளே நழுவிவிட்டால், அக்குளுக்கருகே மேற்கையில் துணியால் கட்டி, மணிக்கட்டில் நாடி தட்டுப்படுகிறதா என்று பார்த்துக்கொண்டு, கையை அசைக்காமல் 108 ஊர்தியில் வாருங்கள்.

எந்தக் குழாயை எடுத்தாலும், எடுத்தபின் அதை அளந்து பார்ப்பது வழக்கம். உடைந்த குழாயானால் இரு துண்டுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்து அளப்போம். கூட்டினால், பொருத்திய நாளில் எழுதிய நீளம் வர வேண்டும். "முழுவதும் வந்துவிட்டதா?" என்று கேளுங்கள். துண்டையும் அளவையும் உங்களுக்குக் காட்டுவார்கள்.